தலைதட்டி அளக்கும் கருவி

அன்புள்ள ஐயா,

இலக்குச் சுடுதல் பற்றி நீங்கள் எழுதுவதைத் தொடர்ந்து படிக்கிறேன். முறையான உரிமத்தோடு வீட்டிலேயே தோட்டா நிரப்பத் தொடங்கி நாலு மாதம் ஆகிறது. மாதம் இருநூறு பிஸ்டல் தோட்டா, நாற்பது ஐம்பது ரைஃபிள் தோட்டா. இதுவரை அளவுக் கரண்டியால்தான் பவுடரை அள்ளிப் போடுகிறேன். இனி பவுடரை அளந்து கொட்டும் கருவியான பவுடர் மெஷர் ஒன்று வாங்கலாம் என்று இருக்கிறேன். கிளப்பில் ஒருவர், தானே எடை பார்த்துக் கொட்டும் எலெக்ட்ரானிக் டிஸ்பென்சர் வாங்கு, மற்றதெல்லாம் பழங்கதை என்கிறார். இன்னொருவர் தன்னிடம் சும்மா கிடக்கும் லைமன் 55 என்ற கைப்பிடி மெஷரை எடுத்துக்கொள்ளச் சொல்கிறார். அதை அவர் வீட்டில் இயக்கிப் பார்த்தேன். ரைஃபிள் பவுடர் போட்டால் கைப்பிடி பாதியில் கரகரவென்று மாட்டுகிறது. பத்து முறை எடுத்து அவருடைய தராசில் நிறுத்ததில், பவுடரை நிறுக்கும் சின்ன அலகான கிரெய்னில் அரை வரை வித்தியாசம். கருவி பழுதா? எதை வாங்கட்டும்?

அன்புடன்,
உங்கள் வாசகன்

அன்புள்ள நண்பருக்கு,

கருவி பழுதில்லை. அது பற்றிப் பிறகு சொல்கிறேன். உங்கள் கடிதத்தில் என்னை உறுத்தியது வேறு. 'அவருடைய தராசில்' என்று எழுதியிருக்கிறீர்கள். அப்படியானால் உங்களிடம் தராசு இல்லை. நாலு மாதமாகக் கரண்டியை மட்டும் நம்பி நிரப்பியிருக்கிறீர்கள். கோபித்துக்கொள்ளாதீர்கள், மெஷரை அடுத்த மாதம் வாங்கலாம், தராசை முதலில் வாங்குங்கள். கிரெய்னில் பத்தில் ஒரு பங்கு காட்டும் தராசும் அதைச் சரிபார்க்கும் எடைக்கற்களும் வேண்டும். ஒரு கிராமுக்குப் பதினைந்தரை கிரெய்னுக்குச் சற்றுக் குறைவு. அதில் பத்தில் ஒன்று என்றால் எவ்வளவு சின்ன விஷயம் என்று யோசித்துப் பாருங்கள். மின்விசிறிக் காற்று பட்டாலே தராசின் எண் ஆடும்.

இதை வலியுறுத்தக் காரணம் உண்டு. பவுடர் மெஷருக்கு எடை தெரியாது. அது ஒரு குழி, அவ்வளவுதான். மேலே ஹாப்பர் என்ற கொள்கலத்தில் பவுடர் இருக்கிறது. கைப்பிடியைத் தூக்கினால் டிரம் என்ற சுழலும் உருளையில் உள்ள குழி ஹாப்பருக்கு நேரே வந்து நிரம்புகிறது. இறக்கினால் டிரம்மின் விளிம்பு தலைதட்டிவிட்டு, குழியில் இருப்பதைக் குழாய் வழியாகக் கேஸுக்குள், அதாவது தோட்டாவின் கூட்டுக்குள், கொட்டுகிறது. அளப்பது கொள்ளளவு, நமக்கு வேண்டியது எடை. இரண்டும் ஒன்றுபோல் நடந்துகொள்வது பவுடரின் வடிவத்தையும் உங்கள் கையையும் பொறுத்தது. குலுக்கி அளந்தால் கூடும், மெதுவாக விட்டால் குறையும்.

உங்கள் கரகரவுக்கு விடை இங்கேதான் இருக்கிறது. ரைஃபிள் பவுடர்களில் பல குச்சி குச்சியாக இருக்கும். வார்கெட் என்ற பவுடரை உள்ளங்கையில் கொட்டிப் பாருங்கள், பென்சில் முனையை நறுக்கிப்போட்டது போலிருக்கும். குழியின் வாயில் குறுக்கே படுத்துவிட்ட குச்சியை டிரம் விளிம்பு வெட்டித்தான் ஆக வேண்டும். அந்தச் சத்தம்தான் கேட்டது. குச்சிகள் குழிக்குள் ஒவ்வொரு முறையும் ஒரே மாதிரி அடுக்கிக்கொள்வதும் இல்லை. உருண்டை பவுடர் அப்படியல்ல, நைஸ் மணல் போல ஓடும். வின்செஸ்டர் 231 போன்ற தட்டையாக்கிய உருண்டை வகையை அதே லைமனில் போட்டிருந்தால் என்னிடம் இந்தக் கேள்வியே வந்திருக்காது. செதில் வகை இரண்டுக்கும் நடுவில். யுனிக் என்ற செதில் பவுடர் அளவு பிடிக்காமல் படுத்துவதில் பேர்போனது.

மெஷரைத் தேர்ந்தெடுக்கும்போது எல்லோரும் ஹாப்பர் எவ்வளவு பெரியது, இரும்பா பிளாஸ்டிக்கா என்று பார்க்கிறார்கள். நான் பார்ப்பது குழியின் வாய். பிழை நுழைவது அங்கேதான், தலைதட்டும் இடத்தில். அதே கொள்ளளவைக் குறுகலாகவும் ஆழமாகவும் வைத்தால் வாய் சிறிது, பிழையும் சிறிது. அகலமாக, மேலோட்டமாக வைத்தால் இரண்டும் பெரிது. ஆர்சிபிஎஸ் யூனிஃப்ளோவுக்குச் சிறியது பெரியது என்று இரண்டு டிரம் உண்டு. ரெடிங் 3பிஆர்-இல் பிஸ்டலுக்குத் தனிக் குழியறை மாற்றிக்கொள்ளலாம். லைமன் 55இல் மூன்று சறுக்குகள் இருக்கின்றன. அவற்றை நகர்த்திச் சின்ன அளவுக்கு ஒடுங்கிய குழியும் பெரிய அளவுக்கு அகலமான குழியுமாக அமைத்துக்கொள்ளலாம். சற்றுப் பொறுமை வேண்டும், ஆனால் ஒரே கருவியில் இரண்டு வேலையும் ஆகிவிடும்.

பிஸ்டலில் இது ஏன் முக்கியம் என்று கேட்பீர்கள். கணக்குப் போடுங்கள். நாற்பது கிரெய்னில் பத்தில் ஒரு கிரெய்ன் கூடினால் அது கால் சதவீதம். நாலு கிரெய்னில் அதே அளவு கூடினால் இரண்டரை சதவீதம். சின்ன அளவில்தான் கருவி ஒழுங்காக இருக்க வேண்டும். எந்த அளவானாலும் பவுடர் நிறுவனத்தின் கையேட்டில் உள்ள தொடக்க அளவிலிருந்து மேலே போங்கள். மேல் எல்லையை ஒட்டி நிரப்பிவிட்டு மெஷரின் ஏற்ற இறக்கத்தை மறந்துவிடக் கூடாது.

சரி, எலெக்ட்ரானிக் டிஸ்பென்சர். பழங்கதை என்று சொன்ன நண்பரிடம் ஒன்று சொல்லுங்கள்: நூறு, இருநூறு கஜத்தில் துப்பாக்கியை மேசையில் தாங்கவைத்துப் பெஞ்ச்ரெஸ்ட் சுடுபவர்கள், உலகத்திலேயே குண்டுத் துளைகளை மிக நெருக்கமாக விழச் செய்பவர்கள், பெரும்பாலும் கைப்பிடி மெஷரில்தான் பவுடர் எடுக்கிறார்கள். டிஸ்பென்சரின் இடம் வேறு. நீளக் குச்சிப் பவுடரை அது சொட்டுச் சொட்டாக உருட்டி, எடை பார்த்து நிறுத்தும். நெடுந்தூர ரைஃபிள்காரர்களுக்கு அது வரம். ஆனால் ஒவ்வொரு அளவுக்கும் காத்திருக்க வேண்டும். மாதம் இருநூறு பிஸ்டல் தோட்டாவுக்கு அதன் முன் உட்கார்ந்தால் பொழுதுபோக்கு தண்டனையாகிவிடும். உங்கள் ஐம்பது ரைஃபிள் தோட்டாவுக்கு மட்டும் அதை வாங்குவதும் வீண். மெஷரில் சற்றுக் குறைவாக எடுத்துத் தராசுத் தட்டில் கொட்டி, மீதியைப் பவுடரைத் துளித்துளியாக உதிர்க்கும் டிரிக்லரால் ஒவ்வொரு குச்சியாகத் தட்டி நிறைத்தால் போதும். பத்து வருடமாக நான் செய்வது அதுதான்.

ஆகவே லைமனை எடுத்துக்கொள்ளுங்கள். குச்சிப் பவுடர் மட்டுமே நிரப்புபவர் என்றால் லீ நிறுவனத்தின் பிளாஸ்டிக் மெஷரைச் சொல்லியிருப்பேன். அதன் வாயில் வளைந்துகொடுக்கும் ரப்பர் போன்ற துடைப்பான் இருப்பதால் குச்சியை வெட்டாமல் ஒதுக்கிவிடும். பார்க்கப் பொம்மை மாதிரி இருக்கும், அதைப் பார்த்துச் சிரிப்பவர்களை விட்டுவிடுங்கள்.

கருவியைவிடக் கை பெரிது. கைப்பிடியை ஒரே வேகத்தில், ஒரே அழுத்தத்தில், மேலும் கீழும் ஒரே மாதிரி தட்டுங்கள். நடுவில் போன் வந்தால் அடுத்த இரண்டு மூன்று அளவை ஹாப்பருக்கே திருப்பிவிடுங்கள். ஹாப்பருக்குள் தடுப்புத் தகடு இருந்தால் நல்லது, மேலே உள்ள பவுடரின் பாரம் குழியை அழுத்தாது. பாதிக்குக் கீழே இறங்கவிடாதீர்கள். குழியின் அளவை மாற்றும் மைக்ரோமீட்டர் திருகில் உள்ள எண் எடையல்ல, போன தடவை எங்கே நிறுத்தினோம் என்ற குறிப்பு மட்டுமே. திருகை எப்போதும் ஒரே பக்கத்திலிருந்து கொண்டுவந்து நிறுத்துங்கள், இல்லாவிட்டால் மரையின் தளர்வு ஏமாற்றும். சோதிக்கும்போது பத்து அளவை மொத்தமாக நிறுத்துப் பத்தால் வகுக்கச் சொல்வார்கள். சராசரி அழகாக வரும், ஏற்ற இறக்கம் அதற்குள் ஒளிந்துகொள்ளும். தனித்தனியாகவும் நிறுத்துப் பாருங்கள்.

இன்னொன்று, இதைப் பயமுறுத்தவே சொல்கிறேன். குச்சிப் பவுடர் குழாயில் பாலம் கட்டி நின்றுவிடும். ஒரு கேஸுக்குப் பாதி போகும், அடுத்ததற்கு ஒன்றரை. பிஸ்டல் கேஸில் ஆபத்து வேறுவிதம்: வேகமாக எரியும் பவுடர் கொஞ்சமாகத்தான் போகும் என்பதால் இரண்டு தடவை கொட்டினாலும் வழியாமல் உள்ளே அடங்கிவிடும். பவுடரே விழாவிட்டால் தீமூட்டும் பிரைமர் மட்டும் குண்டைக் குழலுக்குள் தள்ளி நிறுத்தும். அது தெரியாமல் அடுத்ததைச் சுட்டால் குழல் வீங்கலாம், வெடிக்கவும் செய்யலாம். ஒரு தடவை நான் பேச்சுச் சுவாரசியத்தில் ஒரு கேஸுக்கு இரண்டு முறை கைப்பிடியை இழுத்தேன். எல்லாக் கேஸையும் பலகையில் வரிசையாக நிறுத்தி, குண்டு பொருத்துமுன் டார்ச் அடித்துப் பார்க்கும் பழக்கம் இருந்ததால் ஒன்றில் மட்டும் பவுடர் விளிம்புக்குப் பக்கத்தில் தெரிந்தது. அன்றிலிருந்து அந்த மேசையில் யாரோடும் பேசுவதில்லை.

வேலை முடிந்ததும் ஹாப்பரை டப்பாவுக்குள் காலி செய்யுங்கள். நைட்ரோகிளிசரின் கலந்த பவுடர் கிடந்தால் பிளாஸ்டிக்கை அரித்து மங்கலாக்கிவிடும். அது போனால் போகட்டும், மறுவாரம் வந்து பார்க்கும்போது உள்ளே இருப்பது எந்தப் பவுடர் என்று யாருக்கும் நிச்சயமாகத் தெரியாது. மேசையில் ஒரு சமயத்தில் ஒரே டப்பாதான் திறந்திருக்க வேண்டும். கரும்பொடியை எந்தக் காரணத்துக்காகவும் இதில் போடாதீர்கள், அதற்குத் தீப்பொறி எழாத தனி மெஷர் உண்டு.

லைமன் ரொம்ப நாள் சும்மா கிடந்தது என்கிறீர்கள். துருப் பிடிக்காமலிருக்க உள்ளே எண்ணெய் பூசியிருப்பார். டிரம்மைக் கழற்றி எண்ணெய் முழுக்கப் போகும்படி துடைத்துக் காயவிடுங்கள். பிறகு ஹாப்பர் நிறையப் பவுடர் போட்டு, எல்லாவற்றையும் ஓட்டி முடியும்வரை கைப்பிடியை இயக்குங்கள். பவுடர் மேல் பூசிய கிராஃபைட் உள்ளே படிந்து ஓட்டம் சீராகும். அப்படி ஓட்டிய பவுடரைத் தோட்டாவில் போட வேண்டாம்.

அன்புடன்.