மகளின் துணைப்பாடம் குறித்து ஒரு தந்தைக்கு

அன்புள்ள ஐயா,

வணக்கம். ஹார்வர்டில் இரண்டாம் ஆண்டு படிக்கும் தங்கள் மகள், மூலக்கூறு உயிரியலை முதன்மைப் பாடமாக வைத்துக்கொண்டு உலகளாவிய சுகாதாரத்தைத் துணைப்பாடமாக எடுக்க விரும்புவதாகவும், அதனால் பட்டம் பெற்றபின் சேரவிருக்கும் மருத்துவப் படிப்பு தள்ளிப்போகுமோ என்று தாங்கள் அஞ்சுவதாகவும் எழுதியிருந்தீர்கள். தள்ளிப்போகாது. அங்கே பட்டம் பெற 128 கிரெடிட், அதாவது சுமார் 32 பாடங்கள் வேண்டும். துணைப்பாடத்துக்குப் பொதுவாக நான்கு முதல் ஆறு பாடங்களே போதும் என்பதால், இந்த ஆண்டே திட்டமிட்டுக்கொண்டால் நான்கு ஆண்டுகளுக்குள் எல்லாம் அடங்கிவிடும்.

ஆனால் இதை வேலைக்கான நுழைவுச்சீட்டாக எண்ண வேண்டாம். துணைப்பாடம் மதிப்பெண் பட்டியலில் இடம்பெறுமே தவிர, பட்டச் சான்றிதழில் வராது. படிப்புக்குப் பின் அமெரிக்காவில் வேலை செய்ய மாணவர் விசாவில் கிடைக்கும் 12 மாத அனுமதியை, அறிவியல் பட்டதாரிகள் மேலும் 24 மாதங்கள் நீட்டிக்க முடிவதும் முதன்மைப் பாடத்தின் பேரில்தான். இன்னொன்றையும் தாங்கள் அறிந்திருக்க வேண்டும்: வெளிநாட்டு மாணவர்களைச் சேர்த்துக்கொள்ளும் அமெரிக்க மருத்துவக் கல்லூரிகள் குறைவு. தங்கள் கவலை அந்தப் பக்கம் இருந்தால் அதில் நியாயம் உண்டு.

பிறகு எதற்காக இதைப் படிக்க வேண்டும்? காசநோயாளிகளைச் சானடோரியத்தில் படுக்க வைத்து, நல்ல உணவும் ஓய்வும் கொடுத்தால்தான் குணமாகும் என்று மருத்துவ உலகம் நம்பியிருந்த காலத்தில், 1956இல் சென்னையில் தொடங்கிய ஆய்வு மையம் ஒரே மருந்துகளை ஒரு பிரிவினருக்குச் சானடோரியத்திலும் மற்றொரு பிரிவினருக்கு வீட்டிலும் கொடுத்துப் பார்த்தது. நெரிசலான வீடுகளில், போதிய உணவில்லாமல் இருந்தவர்களும் ஏறக்குறைய அதே அளவுக்குக் குணமடைந்தார்கள் என்று 1959இல் வெளியான முடிவு உலகம் முழுவதும் சிகிச்சை முறையை மாற்றியது. பல மருந்துகளுக்குக் கட்டுப்படாத காசநோய்க்கு ஏழை நாடுகளில் சிகிச்சை அளிப்பது கட்டுப்படியாகாது என்று சொல்லப்பட்ட 1990களில், பெரு நாட்டின் லிமா நகரையொட்டிய காரபாய்யோவில் உள்ளூர்ச் சுகாதாரப் பணியாளர்களைக் கொண்டு அது முடியும் என்று காட்டிய குழுவில் அமெரிக்க மருத்துவர்களான பால் பார்மரும் ஜிம் யோங் கிம்மும் இருந்தார்கள். இருவரும் ஹார்வர்டில் மருத்துவத்தோடு மானுடவியலும் பயின்றவர்கள். மருந்து எப்படி வேலை செய்கிறது என்பதை உயிரியல் தங்கள் மகளுக்குக் கற்றுத்தரும். அந்த மருந்து யாரைச் சென்றடைகிறது, யாரை அடையாமல் நின்றுவிடுகிறது, ஏன் என்பதையெல்லாம் அவர் இந்தத் துணைப்பாடத்தில்தான் கற்க முடியும். நல்ல மருத்துவராக விரும்பும் ஒருவருக்கு இது கூடுதல் சுமை அன்று என்பது என் உறுதியான கருத்து.

பாடத் தேர்வில்தான் கவனம் வேண்டும். தலைப்பு கவர்ச்சியாக இருக்கிறது என்பதற்காக அறிமுகப் பாடங்களாகவே அடுக்காமல், உயிர்ப்புள்ளியியல் அல்லது நோய்ப்பரவலியலில் ஒன்றையும், பொருளாதாரம் அல்லது மானுடவியலில் ஒன்றையும் கட்டாயம் எடுக்கச் சொல்லுங்கள். தரவுகளைத் தானே அலசி எழுதிய ஓர் ஆய்வுக் கட்டுரை, பின்னாளில் பொதுச் சுகாதார முதுநிலைப் படிப்புக்கு விண்ணப்பிக்கும்போது மிகவும் உதவும். கோடை விடுமுறையில் பணம் கட்டி ஏழை நாடொன்றுக்குச் சென்று, பயிற்சியில்லாத மாணவர்களே நோயாளிகளுக்கு ஊசி போடும் சுற்றுலாக்களுக்கு மட்டும் அனுப்பிவிடாதீர்கள். அது நோயாளிகளுக்குத் தீங்கு, மருத்துவக் கல்லூரிகளும் அதை நல்லவிதமாகப் பார்ப்பதில்லை.

முதன்மைப் பாடம், துணைப்பாடம் இரண்டுக்கும் பொதுவாக எத்தனை வகுப்புகளைக் கணக்கில் சேர்க்கலாம் என்பதை, அடுத்த பருவத்துக்குப் பதிவு செய்யும் முன் கல்லூரி ஆலோசகரிடம் கேட்டு, பதிலை மின்னஞ்சலில் வாங்கி வைத்துக்கொள்ளுமாறு மகளிடம் சொல்லுங்கள்.