விறகடுப்பில் வீடு சூடாக்க எவ்வளவு விறகு வேண்டும்? சில கேள்விகளும் பதில்களும்

ரொறன்ரோவை விட்டு வடக்கே பீற்றர்பரோ, ஹலிபேட்டன், பான்கிராஃப்ட் பக்கம் வீடு வாங்கிக்கொண்டு போனவர்கள் கேட்ட கேள்விகள் இவை. நான் இந்தப் பக்கம் பல குளிர்காலமாக விறகில்தான் வீட்டைச் சூடாக்குகிறேன், தெரிந்ததைச் சொல்கிறேன்.

அண்ணை, 1,800 சதுர அடி பழைய வீடு, இதுவரை ஒயில் ஃபேர்னஸ். இந்த முறை விறகடுப்புப் போட்டாச்சு. எத்தனை கோர்ட் எடுக்கலாம்?

சதுர அடியை வைத்துக் கணக்குப் போடாதீர்கள் தம்பி, போன குளிர்காலத்து ஒயில் பில்லைத் தேடி எடுங்கள். ஒரு முழுக் கோர்ட் (அடுக்கிய விறகு 128 கன அடி) காய்ந்த சுகர் மேப்பிளில் சுமார் 24 மில்லியன் பி.டி.யூ. (வெப்பத்தை அளக்கும் அலகு) வெப்பம் இருக்கிறது, நல்ல அடுப்பு அதில் 70 சதவீதத்தை வீட்டுக்குள் விடும், மீதி புகைபோக்கி வழியே போகும். அப்படிக் கிடைப்பது ஏறக்குறைய 550 லீற்றர் ஒயிலுக்குச் சமம், கரண்ட் ஹீற்றர் என்றால் 4,900 யூனிட். போன வருடம் 2,500 லீற்றர் எரித்திருந்தால் நாலரைக் கோர்ட் வருகிறது, மார்ச் கடைசியில் கையைப் பிசையாமல் இருக்க இன்னும் ஒன்று சேர்த்துக்கொள்ளுங்கள். இந்தப் பக்கத்தில் ஓரளவு இன்சுலேஷன் உள்ள வீட்டுக்கு 4 முதல் 6 கோர்ட் போதும். காற்று உள்ளே வரும் பழைய பண்ணை வீடென்றால் 8, 10 கூடத் தின்னும். அந்த மாதிரி வீட்டில் விறகுக்குக் கொடுக்கும் காசில் கொஞ்சத்தை மேல்கூரை இன்சுலேஷனில் போடுவது எவ்வளவோ மேல்.

ஒரு கோர்ட் என்று சொல்லி பிக்கப் ட்ரக்கில் கொண்டுவந்து கொட்டிவிட்டுப் போனார்கள். அடுக்கினால் கொஞ்சமாகத் தெரிகிறது?

தெரியும்தான். முழுக் கோர்ட், இங்கே புஷ் கோர்ட் என்பார்கள், 4 அடி உயரம், 4 அடி அகலம், 8 அடி நீளம், 128 கன அடி. ஃபேஸ் கோர்ட் அதே உயரம், அதே நீளம், ஆனால் கட்டை 16 அங்குலம்தான், அதாவது மூன்றில் ஒரு பங்கு. சாதாரண பிக்கப்பின் பெட்டியில் விளிம்பு மட்டத்துக்குக் கொட்டினால் ஏறக்குறைய ஒரு ஃபேஸ் கோர்ட்தான் பிடிக்கும். இனி வாங்கும்போது "புஷ்ஷா, ஃபேஸா, கட்டை எத்தனை அங்குலம்" என்று முதலே கேட்டு, அடுக்கி அளந்த பிறகு காசு கொடுங்கள். அதற்கு ஒத்துவராதவரிடம் வாங்க வேண்டாம்.

காய்ந்த விறகு என்றுதான் ஒக்ரோபரில் வாங்கினேன். கட்டையின் நுனியில் நுரை தள்ளி உஸ் என்று சீறுது, கண்ணாடியும் கறுத்துப்போச்சு. அடுப்பு சரியில்லையோ?

அடுப்பைக் குறை சொல்லாதீர்கள், அது பச்சை விறகு. இப்போது வெட்டிய மேப்பிளுக்கும் காய்ந்த மேப்பிளுக்கும் ஒரு கோர்டில் 400 லீற்றருக்கு மேல் தண்ணீர் வித்தியாசம். அந்தத் தண்ணீரை ஆவியாக்கும் செலவு பலர் நினைக்கிற அளவு பெரிதில்லை. பெரிய நட்டம் வேறு இடத்தில். விறகின் வெப்பத்தில் பாதிக்கு மேல் அதிலிருந்து கிளம்பும் புகையில்தான் இருக்கிறது, அந்தப் புகை எரிய அடுப்புக்குள் 600 பாகை செல்சியஸ் அளவு சூடு வேண்டும், ஈரம் அந்தச் சூட்டை ஏறவிடாது. எரியாத புகை மேலே போய், குளிர்ந்து, புகைபோக்கியின் உட்சுவரில் கிரியோசோட் என்ற தார் போன்ற கறுப்புப் படிவாகப் படியும். பிறகு ஒரு நாள் அதுவே தீப்பிடிக்கும்.

ஈரமானி மலிவாகவே கிடைக்கும். கட்டையின் வெளிப்பக்கத்தில் குத்திப் பார்த்துப் பயனில்லை, கோடாலியால் பிளந்து புதிதாகத் தெரியும் உட்பக்கத்தில் குத்துங்கள், 20 சதவீதத்துக்குக் கீழே இருக்க வேண்டும். ஊரில் பன்னாடையும் ஊமலும் போட்டுச் சோறு வடித்த கணக்கு இங்கே உதவாது: மேப்பிளுக்குப் பிளந்த பிறகு முழுதாக ஒரு கோடை வேண்டும், ஓக்குக்கு இரண்டு. பலகைச் சட்டங்களின் மேல், காற்றுப்படும் இடத்தில் ஒற்றை வரிசையாக அடுக்கி மேலே மட்டும் மூடுங்கள். பக்கமெல்லாம் தார்ப்பாய் சுற்றினால் உள்ளே பூஞ்சைதான் வளரும். அடுத்த குளிர்காலத்து விறகை இந்த வசந்தத்திலேயே வாங்கிவிடுங்கள். ஒக்ரோபரில் "காய்ந்தது" என்று விற்பதை நான் நம்புவதில்லை.

பைன் எரித்தால் புகைபோக்கி அடைக்குமாமே?

காய்ந்த பைன் அடைக்காது. ஈரக்கட்டையும், காற்றுவழியை இறுக மூடிப் புகையவிடுவதும்தான் அடைக்கும். பைனிலும் பொப்ளரிலும் ஒரு கோர்டுக்கு வெப்பம் 15 மில்லியன் பி.டி.யூ. அளவுதான், ஆகவே காசையும் அப்படியே குறைத்துக் கொடுங்கள். ஒக்ரோபர், ஏப்ரலுக்கு அதுவே தாராளம்.

இரவு பத்துக்கு நிரப்பினாலும் விடியற்காலை நாலுக்கு வீடு விறைக்குது. வீட்டுக்காரி என்னைத்தான் எழுப்புறா.

பெரிய கட்டையாக, பாரமான மரமாக, ஓக், பீச், அயர்ன்வுட் போல, நெருக்கி அடுக்குங்கள். முதலில் பின்பக்கத் தணலை முன்னுக்கு இழுத்துவிட்டு, அதன் பின்னால் அடுக்கி, கட்டைகள் நன்றாகப் பற்றும்வரை, ஒரு 20 நிமிடமாவது, காற்றைத் திறந்தே வைத்துப் பிறகு படிப்படியாகக் குறையுங்கள். அதற்கும் நிற்காவிட்டால் அடுப்பு வீட்டுக்குச் சிறியது. கொஞ்ச நாள் நீங்கள் எழும்பத்தான் வேண்டும்.

ஸ்காபரோவில் பக்கத்து வீட்டில் ஆஷ் மரம் பட்டுப்போய் வெட்டினார்கள், சும்மா தருகிறார்கள். கொட்டேஜுக்கு ஏற்றிக்கொண்டு போகட்டா?

வேண்டாம் தங்கச்சி. அந்த மரங்களைக் கொல்கிற எமரால்ட் ஆஷ் போரர் வண்டு 2002-இல் வின்ட்சரில் கண்டுபிடிக்கப்பட்டது, அது தூரத்துப் புதிய இடங்களுக்குத் தாவுவது பெரும்பாலும் இப்படி விறகோடு விறகாகத்தான். வண்டு பரவிய பகுதிகளிலிருந்து விறகை வெளியே கொண்டுபோவதில் மத்திய அரசின் கட்டுப்பாடும் இருக்கிறது. அங்கேயே எரிக்க முடிந்தவருக்குக் கொடுத்துவிடுங்கள்.

இன்சூரன்ஸ்காரர் விறகடுப்புக்கு வெற் (WETT) பரிசோதனைச் சான்றிதழ் கேட்கிறார், கட்டாயமா?

அவர் கேட்டால் கட்டாயம்தான். சான்று பெற்ற பரிசோதகர் வந்து சுவரிலிருந்து எவ்வளவு தூரம், புகைபோக்கி எப்படி என்று பார்த்து எழுதித் தருவார். அடுப்பை வாங்க முன்னமே இன்சூரன்ஸ்காரரோடு பேசுங்கள். கார்பன் மொனொக்சைட் அலாரம் ஒன்ராறியோவில் சட்டப்படியே வேண்டும்.

சாம்பலை என்ன செய்வது?

மூடியுள்ள இரும்பு வாளியில் அள்ளி, மரத்தளத்தில் வைக்காமல், வெளியே வெறும் நிலத்தில் வையுங்கள், உள்ளே தணல் சில நாள்கூட உயிரோடு கிடக்கும். நன்றாக ஆறிய பிறகு தோட்டத்தில் கொஞ்சமாகத் தூவலாம். உருளைக்கிழங்குக்கும் புளூபெரிக்கும் மட்டும் போடாதீர்கள்.