கட்டிலடியை விட்டு வராத பார்டர் கோலி
தெருவில் மீட்ட எட்டு மாத பார்டர் கோலி (ஆடு மேய்க்கிற நாய் இனம்) கலப்பு நாய் மூணு நாளா கட்டிலடியிலேயே கிடக்குன்னு கேட்டிருக்கீங்க. கையை விட்டு இழுக்காதீங்க, பயத்தில் கடிச்சிடும். உப்பில்லாம வேகவச்ச கோழித்துண்டை மூக்குக்கு எட்டுற தூரத்தில் போட்டுட்டு, முகத்தைத் திருப்பி உட்காருங்க.

வெளியே கூட்டிப்போக கழுத்துப்பட்டை மட்டும் போதாது. மிரண்டு பின்வாங்கினா தலைவழியா கழண்டுடும். மார்பைச் சுத்தி மாட்டுற ஹார்னஸும் போட்டு, ரெண்டுக்கும் தனித்தனிக் கயிறு கட்டுங்க.

முக்கியமா, சொறிக்கோ உண்ணிக்கோ ஐவர்மெக்டின்ங்கிற ஒட்டுண்ணி மருந்து ஊசின்னா, இது கோலி கலப்புன்னு டாக்டரிடம் முதல்லயே சொல்லிடுங்க. இந்த வகையில் சிலதுக்கு எம்டிஆர்1ங்கிற, மருந்து மூளைக்குள் போகாம தடுக்கிற மரபணுவில் குறை இருக்கும். அப்படி இருந்தா, சொறிக்குக் கொடுக்கிற அளவு மருந்தே மூளைக்குள் போய் தள்ளாட்டம், வலிப்பு, கோமா வரை கொண்டுபோகும்.

வெறிநாய்த் தடுப்பூசியும் கருத்தடையும் முடிச்சே தத்துக் கொடுங்க. ஓடுற குழந்தைகளின் குதிகாலைக் கவ்வுறது இதன் மேய்ச்சல் குணம். சின்னப் பிள்ளைங்க இருக்கிற வீட்டைத் தவிர்க்கிறது நல்லது.