ஓடுபவருக்கும் ஓரத்தில் நிற்பவருக்கும்: வாசகர் கேள்விகளுக்குப் பதில்கள்

கேள்வி: வேலைக்கு இடையே ஓட்டப் பயிற்சி செய்து, வாய்ப்புக் கிடைக்கும்போதெல்லாம் 10 கிலோமீட்டர் போட்டியிலும் அரை மாரத்தானிலும் பங்கேற்கிறேன். பரிசு பெறும் இடத்துக்கு அருகில்கூட வந்ததில்லை. “வெல்ல முடியாத போட்டிக்குக் கட்டணம் கட்டி ஏன் போகவேண்டும், தனியாக ஓடினால் போதாதா?” என்று வீட்டில் கேட்கிறார்கள். அவர்களுக்கு என்ன சொல்வது?

பதில்: தனியாக ஓடுவதில் குறையொன்றும் இல்லை, நானும் வாரத்தின் பெரும்பாலான நாட்களில் தனியாகத்தான் ஓடுகிறேன். ஆனால் எண் அட்டையைச் சட்டையில் குத்திக்கொண்டு, முன்னும் பின்னும் முகம் தெரியாதவர்கள் நெருங்கி நிற்க, ஓட்டம் தொடங்கும் ஒலிக்காகக் காத்திருக்கும் அந்தச் சில நிமிடங்களைத் தனி ஓட்டம் தருவதில்லை. அதே கால்கள், அதே தூரம், ஆனாலும் பயிற்சியில் எட்டமுடியாத வேகம் போட்டி நாளில் கைகூடுவதைப் பலரும் கண்டிருப்பார்கள். நார்மன் டிரிப்லெட் என்ற அமெரிக்க உளவியலாளர் மிதிவண்டிப் பந்தயப் பதிவுகளை ஆராய்ந்து, தனியாகக் கடிகாரத்தை எதிர்த்து ஓட்டுபவர்களைவிட, வேகம் அமைத்துக் கொடுப்பவரோடும் போட்டியாளர்களோடும் ஓட்டுபவர்கள் விரைவாகச் செல்வதை 1898ஆம் ஆண்டிலேயே எழுதி வெளியிட்டார். உலகின் மிகச் சிறந்த ஓட்டக்காரருக்கும் இது பொருந்தும். 2019 அக்டோபரில் எலியட் கிப்சோகே வியன்னாவில் மாரத்தான் தூரத்தை 1 மணி 59 நிமிடம் 40 விநாடியில் கடந்தபோது, முறைவைத்து மாறிமாறி வந்த துணை ஓட்டக்காரர்கள் அவரைச் சூழ்ந்து ஓடினார்கள். அந்த ஏற்பாடுகளால்தான் அது அதிகாரப்பூர்வ உலக சாதனையாக ஏற்கப்படவில்லை. இறுதிக் கட்டத்தில் அவர்கள் பின்வாங்கி, அவரை முன்னே அனுப்பிவிட்டுப் பின்னாலிருந்து ஆரவாரம் செய்ததைப் பார்த்தவர்கள் அந்த ஓட்டத்தைத் தனி ஒருவரின் செயலாகக் கருதமாட்டார்கள்.

வெற்றியைப் பொறுத்தவரை, உங்கள் காலணியிலோ எண் அட்டையிலோ இருக்கும் சிப், நீங்கள் தொடக்கக் கோட்டைக் கடந்த கணத்திலிருந்து உங்களுக்கென்று தனியாக நேரத்தைக் கணக்கிடுகிறது. சென்ற ஆண்டின் உங்களோடு இந்த ஆண்டின் நீங்கள் போட்டியிடுவதற்கு அதுவே போதும். வீட்டாரை ஒருமுறை போட்டிக்கு அழைத்துச் சென்று பாருங்கள். விளக்கிச் சொல்வதைவிட அது எளிது.

கேள்வி: என் கணவர் முதல்முறையாக மாரத்தான் ஓடப்போகிறார். எனக்கு ஓட்டப் பழக்கம் இல்லை. எங்கே நின்று, என்ன சொல்லி உற்சாகப்படுத்தினால் அவருக்கு உண்மையிலேயே உதவியாக இருக்கும்?

பதில்: இந்தக் கேள்விக்காகவே உங்களைப் பாராட்டவேண்டும், ஏனெனில் பெரும்பாலோர் இதைப் பற்றி யோசிக்காமல் நேரே முடிவுக் கோட்டுக்குப் போய்விடுகிறார்கள். அங்கே கூட்டமும் ஒலிபெருக்கியும் ஏற்கெனவே இருக்கும். கோடு கண்ணுக்குத் தெரிந்துவிட்ட ஓட்டக்காரருக்குப் பிறர் துணை அவ்வளவாகத் தேவைப்படாது. மாரத்தானின் தூரம் 42.195 கிலோமீட்டர். உடலில் சேமித்து வைத்திருக்கும் மாவுச்சத்து பலருக்கு ஏறத்தாழ 30 கிலோமீட்டரைத் தாண்டும்போது குறைந்துபோகிறது. கால்கள் கனத்து, “நின்றுவிடலாமா?” என்ற எண்ணம் வருவது அப்போதுதான். பெரும்பாலும் ஆளரவம் குறைந்திருப்பதும் அந்தப் பகுதியில்தான். எனவே 30க்கும் 37க்கும் இடையே ஓர் இடத்தைத் தேர்ந்தெடுங்கள். மேட்டின் நடுப்பகுதியாக இருந்தால் இன்னும் நல்லது. சாலையின் எந்தப் பக்கத்தில் நிற்பீர்கள் என்பதை முதல் நாளே பேசி வைத்துக்கொள்ளுங்கள், இல்லையென்றால் களைத்த கண்களோடு அவர் இருபுறமும் தேடிக்கொண்டே ஓடவேண்டியிருக்கும். இன்ன இடத்தில் நீங்கள் இருக்கிறீர்கள் என்ற நினைப்பு, அந்த இடம் வருவதற்குப் பல கிலோமீட்டருக்கு முன்பே அவருக்கு உதவத் தொடங்கிவிடும்.

சொல்லவேண்டியதில் நான் கண்டிப்பாக இருக்கும் ஒரே விஷயம் உண்மை. “இதோ வந்துவிட்டது, இன்னும் கொஞ்சம்தான்” என்று 32ஆவது கிலோமீட்டரில் சொல்லாதீர்கள். மீதமுள்ள பத்து கிலோமீட்டர் அவருக்கு நன்றாகத் தெரியும், அந்த நேரத்தில் பொய்யான ஆறுதல் எரிச்சலையே தரும். பெயரைச் சொல்லி அழையுங்கள். “சீராக ஓடுகிறீர்கள்”, “அடுத்த வளைவில் தண்ணீர் இருக்கிறது”, “மேடு இத்தோடு முடிகிறது” போன்று, கண்ணால் கண்டதை மட்டும் சொல்லுங்கள். அவர் பதில் சொல்லாமல் கடந்துபோனால் வருந்தவேண்டாம்; நீங்கள் சொன்னது அவருக்குக் கேட்டிருக்கும். கூடவே ஓடுவதும், பயிற்சியில் சாப்பிட்டுப் பழகாத எதையும் கொடுப்பதும் வேண்டாம். முதலாவது மற்றவர்களுக்கு இடைஞ்சல், பல போட்டிகளில் விதிமீறலும்கூட. இரண்டாவது வயிற்றைக் கெடுக்கக்கூடும்.

அவர் வருவதற்கு முன்னும் வந்துபோன பின்னும் நிறையப் பேர் கடந்து செல்வார்கள். பல போட்டிகளில் எண் அட்டையிலேயே பெயர் அச்சிட்டிருப்பார்கள். அதைப் படித்து, முன்பின் தெரியாத அவர்களையும் பெயர் சொல்லி அழைத்துப் பாருங்கள். குனிந்திருந்த தலை நிமிர்வதை நேரில் கண்டபிறகு நீங்கள் அங்கிருந்து சீக்கிரம் கிளம்பமாட்டீர்கள்.

கேள்வி: போகும் வழியிலேயே திரும்பி வரும் தடங்களில், எதிரே வருகிற எல்லோரையும் வாழ்த்திக்கொண்டே ஓடும் பழக்கம் எனக்கு உண்டு. மூச்சை வீணாக்குவதாக நண்பர் சொல்கிறார். சரியா?

பதில்: பேச முடிகிற வேகத்தில் ஓடும்போது ஒரு சொல்லால் எதுவும் குறைந்துவிடாது. மேட்டிலும் கடைசிக் கிலோமீட்டரிலும் கட்டைவிரலை உயர்த்தினால் போதும். நிறுத்தாதீர்கள்.

கேள்வி: போட்டியின் நடுவே அருகில் ஓடுபவர் விழுந்துவிட்டால் நின்று உதவவேண்டுமா? பல மாதப் பயிற்சிக்குப் பிறகு, சொந்தச் சாதனை நேரத்தை நெருங்கிக்கொண்டிருக்கும்போது இது கடினமான முடிவாகத் தோன்றுகிறது.

பதில்: கடினம்தான், ஆனாலும் நிற்கவேண்டும் என்பதே என் பதில். நம்மைப் போன்ற பொழுதுபோக்கு ஓட்டக்காரர்களுக்கு நேரத்தை மேம்படுத்த இன்னொரு போட்டி கிடைக்கும். ஒலிம்பிக் களத்திலேயே நின்றவர்கள் இருக்கிறார்கள். 2016ஆம் ஆண்டு ரியோவில், பெண்களுக்கான 5000 மீட்டர் தகுதிச் சுற்றில் நியூசிலாந்தின் நிக்கி ஹாம்ப்ளின் தடுமாறி விழ, பின்னால் வந்த அமெரிக்காவின் ஆபி டி’அகஸ்டினோவும் அவர்மேல் இடறி விழுந்தார். முதலில் எழுந்த டி’அகஸ்டினோ, ஓடிவிடாமல் ஹாம்ப்ளினை எழுப்பினார். சற்று நேரத்தில் முழங்கால் காயத்தால் டி’அகஸ்டினோ தளர்ந்தபோது ஹாம்ப்ளின் அவருக்காக நின்றார். இருவருமே ஓட்டத்தை முடித்தார்கள், இருவருக்கும் இறுதிச் சுற்றில் இடம் அளிக்கப்பட்டது. காயத்தால் டி’அகஸ்டினோவால் அதில் ஓட முடியவில்லை.

எப்படி உதவுவது என்பதையும் தெரிந்துகொள்வது நல்லது. 1908ஆம் ஆண்டு லண்டன் ஒலிம்பிக் மாரத்தானில் முதலாவதாக அரங்கிற்குள் வந்த இத்தாலியின் டோராண்டோ பியட்ரி, களைப்பில் மீண்டும் மீண்டும் விழ, அதிகாரிகள் அவரைத் தூக்கிவிட்டுக் கோட்டைக் கடக்கச் செய்தார்கள். அந்த உதவியாலேயே அவர் தகுதியிழந்தார், தங்கம் அமெரிக்காவின் ஜானி ஹேஸுக்குச் சென்றது. மறுநாள் அரசி அலெக்சாண்ட்ரா பியட்ரிக்கு ஒரு கோப்பை வழங்கினார். எனவே விழுந்தவர் சுயநினைவோடு இருக்கிறாரா, தலையில் அடிபட்டிருக்கிறதா என்று பாருங்கள். போக்குவரத்திலிருந்தும் பின்னால் வருபவர்களிடமிருந்தும் அவரைக் காத்து, அருகிலுள்ள தன்னார்வலரை அழையுங்கள். மயங்கியவரையோ பேச்சுக் குழறுபவரையோ ஆர்வத்தில் இழுத்துக்கொண்டு ஓடாதீர்கள். அவருக்குத் தேவை மருத்துவர்.

கேள்வி: நான் எப்போதும் கடைசிச் சிலரில் ஒருத்தியாக வருகிறேன். நான் முடிக்கும்போது கைத்தட்ட யாரும் இருப்பதில்லை. வெட்கமாக இருப்பதால் போட்டிகளை விட்டுவிடலாமா என்று நினைக்கிறேன்.

பதில்: விட்டுவிடாதீர்கள். அதிக நேரம் களத்தில் நிற்பவர் நீங்கள்தான். வெயிலும் உங்களுக்கே அதிகம். வெட்கப்பட வேண்டியவர்கள், தங்கள் பதக்கத்தை வாங்கியதும் வீட்டுக்குக் கிளம்பிவிடுபவர்கள். வேகமாக ஓடும் வாசகர்களும் இதைப் படிப்பார்கள் என்பதால் வெளிப்படையாகவே எழுதுகிறேன்: தண்ணீர் குடித்துக் கால்களைத் தளர்த்திய பிறகு, தடத்தின் ஓரமாக ஒரு கிலோமீட்டர் திரும்பி நடந்து, வந்துகொண்டிருப்பவர்களுக்குக் கைத்தட்டுங்கள். களைத்த தசைகளுக்கும் அந்த நடை நல்லது.

கடைசியாக வருபவரை மதிக்கும் போட்டிகள் இருக்கின்றன, அவற்றைத் தேடிச் செல்லுங்கள். 2004ஆம் ஆண்டு லண்டனின் புஷி பூங்காவில் 13 பேரோடு தொடங்கி இன்று பல நாடுகளில் நடைபெறும் ‘பார்க்ரன்’ என்ற 5 கிலோமீட்டர் இலவச ஓட்டத்தில், எல்லோருக்கும் பின்னால் வருவதற்கென்றே ஒரு தன்னார்வலர் இருப்பதால், ஓட வந்த யாரும் கடைசி ஆள் ஆவதில்லை. 1921இல் தொடங்கிய தென்னாப்பிரிக்காவின் காம்ரேட்ஸ் ஓட்டம் ஏறத்தாழ 90 கிலோமீட்டர். அதன் நேரக்கெடுவான 12 மணி நேரம் நெருங்கும்போது அரங்கில் எழும் ஆரவாரம், முதலில் வந்தவருக்குக் கிடைத்ததற்குச் சற்றும் குறைந்ததன்று.

அடுத்த போட்டிக்குப் பதிவு செய்யும் முன் மூன்றை மட்டும் ஏற்பாட்டாளரிடம் கேட்டு உறுதிசெய்யுங்கள்: நேரக்கெடு எவ்வளவு, அதுவரை தண்ணீர் வழங்கும் இடங்கள் திறந்திருக்குமா, முடிவுக் கோட்டில் நேரம் பதியும் கருவி அகற்றப்படாமல் இருக்குமா. மூன்றுக்கும் தெளிவான பதில் தருபவரின் போட்டியில் உங்கள் பெயரைக் கொடுங்கள்.