எரிவாயு தகனமேடையில் எரித்தால் ஆன்மா அலையுமா? உடலை எரிப்பதன் ஆன்மிகப் பொருள் என்ன?

கேள்வி கேட்டவரின் அப்பா போன வாரம் தவறிவிட்டார். நகராட்சி எரிவாயு தகனமேடையில் வைத்து முடித்திருக்கிறார்கள். விறகும் வரட்டியும் அடுக்கி எரிக்காததால் ஆன்மா கரை சேராது என்று சித்தப்பா ஒருவர் துக்க வீட்டிலேயே சொல்லிவிட்டாராம். அஸ்தி இன்னும் கரைக்கவில்லை. நாம் ஏன் எரிக்கிறோம், அதற்கு ஆன்மிகமாக என்ன பொருள் என்று கேட்கிறார்.

முதலில் பதிலைச் சொல்லிவிடுகிறேன்: அலையாது. துக்க வீட்டில் இப்படிப் பேச ஒரு சித்தப்பா எல்லாக் குடும்பத்திலும் இருப்பார். மனதில் போட்டுக்கொள்ளாதீர்கள். இனி காரணத்துக்கு வருகிறேன்.

நான் புரோகிதன் இல்லை. மாயவரத்துக்கும் கும்பகோணத்துக்கும் நடுவில் ஒரு காவிரிக்கரை ஊர்க்காரன். அப்பாவுக்கும், ஆண் வாரிசு இல்லாத பெரியப்பாவுக்கும் கொள்ளி வைத்தவன். அந்தச் சமயத்தில் மனதில் எழுந்த கேள்விகளுக்காகத் தேடிப் படித்ததும், ஊர்ப் பெரியவர்களிடம் கேட்டுத் தெரிந்துகொண்டதும்தான் இங்கே எழுதுவது.

நம் முறையில் பிணத்தை எரிப்பது ஒரு வேள்வி. வாழ்நாளெல்லாம் நெய்யையும் அரிசியையும் சமித்தையும் தீயில் போட்டவன், கடைசியில் தன் உடம்பையே ஆகுதியாகத் தருகிறான். பதினாறு சமஸ்காரங்களில் இது கடைசி. ரிக் வேதத்தின் பத்தாம் மண்டலத்தில் 16ஆம் சூக்தம் முழுக்கச் சிதைத் தீயைப் பார்த்துப் பேசுவதுதான். அதில் அக்னியிடம் வைக்கும் முதல் வேண்டுகோளே 'இவனை ஒரேயடியாகப் பொசுக்கிவிடாதே' என்பது. பக்குவமானதும் பிதிர்களிடம் கொண்டுபோய்ச் சேர் என்று கேட்கிறது. அதாவது அக்னி அங்கே கொண்டு சேர்ப்பவன். அடுத்து இறந்தவனைப் பார்த்து, 'உன் கண் சூரியனுக்குப் போகட்டும், மூச்சு காற்றுக்குப் போகட்டும், செடிகொடிகளில் உன் உடம்போடு இடம்பிடி' என்கிறது. எதெது எங்கிருந்து வந்ததோ அததை அங்கே திருப்பிக் கொடுக்கிற கணக்கு இது. பஞ்சபூதம் பஞ்சபூதத்தோடு சேர்ந்தது என்று நாம் சாதாரணமாகச் சொல்லிவிட்டுப் போவதும் இதைத்தான்.

பிருகதாரண்யக உபநிடதத்தில் இன்னும் ஒரு படி மேலே போகிறார்கள். நோயில் கிடந்து துன்பப்படுவது மேலான தவம், இறந்தவனைக் காட்டுக்குத் தூக்கிப் போவது மேலான தவம், அவனைத் தீயில் வைப்பதும் மேலான தவம் என்று ஒரு சிறிய பகுதி வருகிறது. இதை முதலில் படித்தபோது எனக்கு ஆச்சரியமாக இருந்தது. செத்தவனுக்கு என்ன தவம்? ஆனால் நாலு மாதம் படுக்கையில் கிடந்து போன ஒருவரைக் கிட்டே இருந்து பார்த்தவர்களுக்கு அந்த வரிசை விளங்கும்.

இதைப் புத்தகத்தில் படிப்பதைவிடச் சுடுகாட்டில் நின்று பார்ப்பது வேறு. எங்கள் பக்கம் சிதை என்றால் வெறும் விறகுக் கட்டை எரிவது கிடையாது, மூட்டம்தான். கீழே விறகு, வரட்டி; உடம்பைக் கிடத்தி, வாய்க்கரிசி போட்டு முடிந்ததும் மேலேயும் வரட்டி அடுக்கி, வைக்கோலைப் பரப்பி, வாய்க்காலில் குழைத்த சேற்றை அதன்மேல் பூசி மூடுவார்கள். முகம் மட்டும் கடைசி வரைக்கும் திறந்திருக்கும். மண்வெட்டியோடு நின்றவர், "தம்பி, மூஞ்சப் பாக்குறவங்க பாத்துக்கங்க" என்று ஒரே ஒரு தடவைதான் சொன்னார். அப்புறம் அதையும் மூடி, அங்கங்கே விரலால் புகைவழி குத்திவிட்டார். தோளில் தண்ணீர்க் குடத்தோடு நான் மூன்று சுற்று வர வேண்டும். ஒவ்வொரு சுற்றுக்கும் பின்னாலிருந்து அரிவாள் முனையால் குடத்தில் ஒரு ஓட்டை. முதுகு நனைகிறது, குடம் லேசாகிக்கொண்டே வருகிறது. மூன்றாம் சுற்று முடிந்ததும் குடத்தைப் பின்பக்கமாகப் போட்டு உடைத்து, திரும்பிப் பார்க்காமல் கொள்ளியை வைத்துவிட்டு நடக்க வேண்டும். குடம் உடம்பு, தண்ணீர் உயிர் என்று பெரியவர்கள் சொல்வார்கள். அதை யாரும் சொல்லித்தர வேண்டிய அவசியமே இல்லை, முதுகில் வழிகிறபோது தெரிந்துவிடும்.

மறுநாள் காலையில் பால் தெளிப்பு. ராத்திரி முழுக்கக் கனன்ற மூட்டம் அடங்கி, சேறு ஓடு ஓடாக வெந்து கிடக்கும். தண்ணீர் தெளித்துச் சூட்டைத் தணித்து, எலும்பு பொறுக்கிக் கலயத்தில் போட்டுக்கொண்டு, மிச்சச் சாம்பலை ஆள் படுத்திருக்கிற மாதிரி கூட்டி, பாலும் இளநீரும் விட்டு, நவதானியம் தூவிவிட்டு வருவோம். செடிகொடிகளில் இடம்பிடி என்று மூவாயிரம் வருஷத்துக்கு முந்தைய பாட்டு சொன்னதும், எங்கள் ஊர்ச் சுடுகாட்டில் சாம்பல்மேல் விழுகிற பயறும் எள்ளும் ஒன்றுக்கொன்று சொந்தம் என்றுதான் எனக்குப் படுகிறது. இரண்டுக்கும் நேரடித் தொடர்பு உண்டு என்று வாதாட மாட்டேன்.

சரி, தீ எதற்கு என்று தெரிய வேண்டுமானால், யாருக்குத் தீ கிடையாது என்று பாருங்கள். பால்குடி மாறாத பிள்ளைகளை எரிப்பதில்லை, புதைக்கிறோம். சந்நியாசியை எரிப்பதில்லை. திருவாவடுதுறை, தருமபுரம் ஆதீனங்களில் மறைந்த குருமகா சந்நிதானங்களை அடக்கம் செய்து, மேலே சிவலிங்கம் வைத்துப் பூசை நடக்கிறது. திருமூலர் ஞானியின் உடம்பைத் தீயில் வேகவைத்தால் நாட்டுக்கே ஆகாது என்று எச்சரித்து, குகை வெட்டி எப்படி அமர்த்த வேண்டும் என்று முறையும் சொல்லியிருக்கிறார். குழந்தை இன்னும் எதையும் பிடித்துக்கொள்ளவில்லை. சந்நியாசி துறவு வாங்கும்போதே தனக்கான சிராத்தத்தைத் தானே செய்து, வளர்த்த வேள்வித் தீயைத் தனக்குள்ளேயே ஏற்றிக்கொண்டவர். எரிய வேண்டியது அவரிடம் எரிந்து முடிந்துவிட்டது. நடுவில் இருக்கிற நாம்தான், வீடு, வயல், பிள்ளை, பேர் என்று பிடித்துக்கொண்டு கிடக்கிறவர்கள். இந்த உடம்பு இனி உனக்கு இல்லை என்று உயிருக்கும், இவர் இனி உங்களுக்கு இல்லை என்று வீட்டுக்காரர்களுக்கும் சந்தேகமில்லாமல் காட்ட ஒன்று வேண்டியிருக்கிறது. அந்த வேலையைத் தீ செய்கிறது. நான் புரிந்துகொண்ட பொருள் இவ்வளவுதான்.

தொற்றுநோய் பரவாமல் இருக்க முன்னோர் கண்டுபிடித்த அறிவியல் என்று வாட்சப்பில் வருவதை நான் இதில் சேர்ப்பதில்லை. சுகாதாரம் நல்ல விஷயம்தான், ஆனால் அதற்குக் குடமும் நெய்ப்பந்தமும் வேண்டாமே.

எரித்தால்தான் இந்து என்பதும் சரியில்லை. இதே டெல்டாவின் கடைக்கோடியில் இருந்த காவிரிப்பூம்பட்டினத்துச் சுடுகாட்டைப் பற்றி மணிமேகலையில் ஒரு வரி இருக்கிறது. சுடுவோர், இடுவோர், தொடுகுழிப் படுப்போர், தாழ்வயின் அடைப்போர், தாழியிற் கவிப்போர் என்று ஐந்து வகை. எரிக்கிறவர்கள், அப்படியே போட்டுவிட்டுப் போகிறவர்கள், குழி தோண்டிப் புதைக்கிறவர்கள், பள்ளத்தில் வைத்து அடைக்கிறவர்கள், தாழியால் கவிக்கிறவர்கள் எல்லோரும் ஒரே ஊரில் பக்கத்துப் பக்கத்தில். இன்றைக்கும் எங்கள் பகுதியில் புதைக்கிற வழக்கமுள்ள சாதிகள் நிறைய உண்டு. அவர்கள் வீட்டு முன்னோர் எல்லாம் அலைந்துகொண்டா இருக்கிறார்கள்?

சாதி என்று வந்துவிட்டதால் ஒன்றைச் சொல்லாமல் போக முடியவில்லை. தீயில் எல்லோரும் சமம் என்று இந்தத் தலைப்பில் எழுதுகிற பலரும் உருகுகிறார்கள். இங்கே பல ஊர்களில் சுடுகாடே தெருவுக்கு ஒன்று. சில தெருக்களுக்குப் பாதை கிடையாது. நடவு முடிந்த வயலில் பாடையைத் தூக்கிக்கொண்டு முழங்கால் சேற்றில் இறங்கிப் போகிறார்கள். ராத்திரி முழுக்க மூட்டத்துக்குக் காவல் இருந்து, வேகாததை வேகவைத்துக் கொடுக்கிறவரை அடுத்த நாள் எந்தத் திண்ணையில் உட்காரச் சொல்கிறோம்? தீ சமமாகத்தான் எரிகிறது. அதில் நமக்குப் பெருமை எதுவும் இல்லை.

சுடுகாடு அசிங்கம், போய்வந்தால் குளித்துவிட்டு மறந்துவிட வேண்டும் என்பது ஒரு பக்கம். திருமூலரே அதைக் கிண்டல் செய்திருக்கிறார். ஊரெல்லாம் கூடி அழுது, பேரை எடுத்துவிட்டுப் பிணம் என்று பேர் வைத்து, கொண்டுபோய்ச் சுட்டுவிட்டு, 'நீரினில் மூழ்கி நினைப்பொழிந் தார்களே' என்று. இன்னொரு பக்கம், இந்த மண்ணின் சைவம் சுடுகாட்டைக் கோயிலாக்கி வைத்திருக்கிறது. சீர்காழியில் ஞானசம்பந்தர் மூன்று வயதில் பாடியதாகச் சொல்லும் முதல் பாட்டிலேயே இறைவன் 'காடுடைய சுடலைப் பொடிபூசி' வருகிறான். பிள்ளை வாயில் முதலில் வந்த அடையாளங்களில் ஒன்று பிணம் சுட்ட சாம்பல்! மயானம் என்றே பேர் கொண்ட ஐந்து சிவத்தலங்களில் காஞ்சியில் இருப்பதைத் தவிர மற்ற நான்கும், கடவூர், காழி, வீழி, நாலூர் மயானங்கள், எங்கள் டெல்டாவில்தான். காரைக்காலம்மையார் பேய் உருவம் வாங்கிக்கொண்டு போய்ப் பாடியது ஆலங்காட்டுச் சுடுகாட்டை. ஸ்ரீவாஞ்சியத்தில் எமனுக்கே தனிச் சந்நிதி. ஊரில் சாவு விழுந்தால் பிணம் எடுக்கும்வரை கோயில் நடை சாத்துவது பொது வழக்கம். அங்கே சாத்துவதில்லை என்பார்கள்.

உங்கள் சித்தப்பாவுக்குச் சொல்ல வேண்டியவர் பட்டினத்தார். காவிரிப்பூம்பட்டினத்துக்காரர், எல்லாவற்றையும் விட்டுப் போனவர், அம்மாவுக்குக் கொள்ளி வைக்க மட்டும் திரும்பி வந்தார். உறவுக்காரர்கள் அடுக்கியிருந்த விறகை விலக்கிவிட்டு, பச்சை வாழையை அடுக்கிப் பாடியே எரித்தார் என்பது கதை. வரட்டியும் இல்லை, சந்தனக்கட்டையும் இல்லை. முப்புரத்தில் வைத்த தீ, இலங்கையில் வைத்த தீ, அன்னை அடிவயிற்றில் இட்ட தீ என்று வரிசையாகச் சொல்லிவிட்டு, 'யானும் இட்டதீ மூள்க மூள்கவே' என்று முடிக்கிறார். தன்னை வயிற்றில் வளர்த்த சூட்டையும் இந்தத் தீயையும் ஒரே குடும்பத்தில் வைத்தார். சிதையைப் பற்றித் தமிழில் இதற்கு மேல் யாரும் சொல்லிவிட முடியாது என்று நினைக்கிறேன். அடுத்த பாட்டு ஒன்றில், நேற்று இருந்தவள் இன்று வெந்து நீறானாள், பால் தெளிக்க எல்லோரும் வாருங்கள், எல்லாம் சிவமயம் என்று ஊரைக் கூப்பிடுகிறார்.

ஆக, எரிபொருள் எது என்பது விஷயமே இல்லை. தகனமேடையில் உள்ளே தள்ளுவதற்கு முன் நெஞ்சில் சூடம் ஏற்றி வைக்கச் சொல்லியிருப்பார்களே, அதுதான் உங்கள் கொள்ளி. வாய்க்கரிசி போட்டிருப்பீர்கள், குடம் உடைத்திருப்பீர்கள். கொடுக்க வேண்டியதைக் கொடுத்தாகிவிட்டது. ஒரு ராத்திரி எரிய வேண்டியது ஒன்றிரண்டு மணி நேரத்தில் முடிவதால் நமக்குத்தான் மனம் ஒட்டாமல் இருக்கிறது. அது நம் கஷ்டம், அப்பாவுடையது இல்லை.

இனி நடக்க வேண்டியதில் கவனம் வையுங்கள். சாஸ்திரப்படி எரித்த உடம்புக்குப் பதிலாக, பத்து நாள் பிண்டத்தால் உயிருக்கு வேறு உடம்பு கட்டுகிறோம் என்பது நம்பிக்கை. பிராமணர்கள் தினமும் செய்வதை மற்றவர்கள் பெரும்பாலும் கருமாதி அன்று படித்துறையில் கல் ஊன்றி ஒன்றாகச் செய்துவிடுகிறார்கள். உங்கள் வீட்டு வழக்கம் எதுவோ அது போதும், புதிதாக எதையும் பார்த்துச் சேர்க்க வேண்டாம்.

அஸ்தியை எங்கள் பக்கம் வீட்டுக்குள் வைப்பதில்லை, கொல்லை மரத்தில் கட்டித் தொங்கவிடுவோம். ஆற்றில் தண்ணீர் ஓடினால் மாயவரம் துலாக்கட்டத்திலோ திருவையாற்றிலோ கரைக்கலாம். மேட்டூர் திறக்காத மாதங்களில் காவிரியில் மணல்தான் கிடக்கும், அப்போது எல்லோரும் போவது பூம்புகார் சங்கமுகத்துக்கு. காலையில் சீக்கிரம் போய்விடுங்கள், வெயில் ஏறினால் மணலில் கால் வைக்க முடியாது. அங்கேயே செய்துவைக்க ஆள் இருப்பார்கள், தட்சிணையை முன்னாலேயே பேசிக்கொள்ளுங்கள். கலயத்தையும் கட்டிய துணியையும் தண்ணீரிலேயே விடச் சொல்வார்கள். பிளாஸ்டிக் பையை மட்டும் வீட்டுக்குத் திருப்பி எடுத்து வந்துவிடுங்கள், கரையெல்லாம் அதுவாகத்தான் கிடக்கிறது.