மகன் கோல் கீப்பர்: ஹாக்கியை விடச் சொல்லலாமா?

அன்புள்ள அம்மா,

ஒன்டாரியோவின் ஜூனியர் ஐஸ் ஹாக்கி லீக்கான ஓ.எச்.எல். தேர்வில் மகனை எந்த அணியும் எடுக்கவில்லை, இனி ஹாக்கியை விட்டுவிட்டுப் படிக்கச் சொல்லலாமா என்று கேட்டிருந்தீர்கள். விடச் சொல்லாதீர்கள். படிப்பையும் தள்ளிப்போட விடாதீர்கள். கோல் கீப்பருக்கு இரண்டும் சேர்ந்தே போக வேண்டும்.

கோல் கீப்பர் யாரோஸ்லாவ் ஹாலாக்கின் ஆட்டங்களை மகனோடு உட்கார்ந்து பாருங்கள். ஸ்லோவாக்கியாவின் பிராடிஸ்லாவாவில் 1985இல் பிறந்தவர். வட அமெரிக்காவின் உச்ச லீக்கான என்.எச்.எல்.-இன் 2003 டிராஃப்டில் (அணிகள் சுற்றுச் சுற்றாக இளம் ஆட்டக்காரர்களை எடுக்கும் தேர்வு), ஒன்பதாவது சுற்றில், 271ஆவது ஆளாகத்தான் மொன்றியல் அணி அவரை எடுத்தது. இன்று டிராஃப்ட் ஏழே சுற்றுதான். அவர் உள்ளே வந்த அந்த இடமே இப்போது இல்லை. 2005இல் அதே மொன்றியல் கேரி பிரைஸ் என்ற இன்னொரு கோல் கீப்பரை முதல் சுற்றிலேயே ஐந்தாவது ஆளாக எடுத்தது. ஹாலாக் கியூபெக் ஜூனியர் லீக், அப்புறம் லாங் பீச், ஹாமில்டன் என்று கீழ் லீக்குகளில் ஆடி, 2007 பிப்ரவரியில்தான் முதல் என்.எச்.எல். ஆட்டம் ஆடினார்.

2010 பிளேஆஃபை, அதாவது சீசன் முடிவில் நடக்கும் கோப்பைச் சுற்றை, மகன் கட்டாயம் பார்க்கட்டும். அந்த சீசனில் அதிகப் புள்ளி எடுத்த வாஷிங்டனோடு மொன்றியலுக்கு ஏழு ஆட்டத் தொடர். மூன்றாவது ஆட்டத்தின் நடுவிலேயே ஹாலாக்கை வெளியே கூப்பிட்டுவிட்டார்கள். நான்காவதில் பிரைஸ் ஆடினார். ஐந்தாவதில் ஹாலாக் திரும்பி வந்தார். ஆறாவதில் 54 ஷாட்டுகளில் 53ஐத் தடுத்தார். ஒரு கட்டத்தில் ஆட்டக் கணக்கில் 3-1 எனப் பின்தங்கியிருந்த மொன்றியல் தொடரை வென்றது. அடுத்து பிட்ஸ்பர்க்கையும் வென்றது. ஊரே அவரைக் கொண்டாடியது. ஆனாலும் ஜூன் மாதமே அவரை செயின்ட் லூயிஸுக்கு மாற்றிவிட்டு, வயதில் இளைய பிரைஸை வைத்துக்கொண்டார்கள்.

இந்த வேலை அப்படித்தான். 32 அணிகள், அணிக்கு இரண்டு கோல் கீப்பர்கள், அதில் ஆடுவது ஒருவர். 2016 கடைசியில், 31 வயதில், ஹாலாக்கை அப்போதைய அவரது அணியான நியூயார்க் ஐலண்டர்ஸ் மறுபடி கீழ் லீக்குக்கு அனுப்பியது. அதற்குப் பிறகும் 2020இல் பாஸ்டனில் டூக்கா ராஸ்குடன் ஜென்னிங்ஸ் கோப்பை வாங்கினார்; சீசனில் மிகக் குறைந்த கோல்கள் விட்ட அணியின் கோல் கீப்பர்களுக்குத் தருவது அது. 2012இல் செயின்ட் லூயிஸில் பிரையன் எலியட்டுடன் அதே கோப்பை. இரண்டு முறையும் இன்னொருவரோடு பங்கிட்டதுதான். இரண்டாவது ஆளாக இருக்கும்போதும் தயாராக இருந்ததால்தான் 2023 வரை ஆடி, 295 ஆட்டங்கள் வென்றார் என்று நான் உறுதியாக நம்புகிறேன்.

ஆகவே 16 வயதில் பெயர் வராததை வைத்து முடிவெடுக்காதீர்கள். தன்னை ஆட வைக்காத வாரத்தில் அவன் எப்படிப் பயிற்சி செய்கிறான்? அதைக் கவனியுங்கள். அந்த வாரத்திலும் சீக்கிரம் போய் பயிற்சிக்கு நிற்கிறான் என்றால் தாராளமாக ஆதரியுங்கள். நீங்கள் சொல்லித்தான் போகிறான் என்றால், சரி, பொழுதுபோக்காக ஆடட்டும்.

படிப்புக்கு வருவோம். பிறகு ஓ.எச்.எல். அணி ஏதாவது கூப்பிட்டால், ஆடும் ஒவ்வொரு சீசனுக்கும் ஒரு வருடக் கல்லூரி உதவி உண்டு. அதன் நிபந்தனைகளை, முக்கியமாகத் தொழில்முறை ஒப்பந்தம் போட்டால் அந்த உதவி என்னவாகும் என்பதை, கையெழுத்துக்கு முன்பே எழுத்தில் வாங்குங்கள். 2025 ஆகஸ்டிலிருந்து ஜூனியர் லீக்கில் ஆடியவர்களும் அமெரிக்கக் கல்லூரி அணிகளில் சேரலாம். ஆனால் அங்கே கல்லூரி விளையாட்டின் உச்ச நிலையான முதல் பிரிவுக்கு, பள்ளியில் 16 அடிப்படைப் பாடங்கள் முடித்திருக்க வேண்டும். அடுத்த வருடப் பாடத் தேர்வு முடிவதற்குள் பள்ளி வழிகாட்டி ஆசிரியரைப் பார்த்து, மகனின் பாடங்களில் எவையெல்லாம் அந்தக் கணக்கில் வரும் என்று கேட்டுவிடுங்கள். மகனையும் கூட்டிக்கொண்டு போங்கள்.