ஜெயிக்கிறத விட டிக்கெட் விக்கிறதுதான் முக்கியம்னு ஒரு பேஸ்பால் டீம் நிர்வாகம் நினைக்குமா?

தாராளமா நினைக்கும். அதுக்காக யாரும் மீட்டிங் போட்டு "இந்த வருஷம் தோத்துடலாம்"னு முடிவெடுக்க மாட்டாங்க. தோத்தாலும் கல்லா நிறையுதுன்னா ஜெயிச்சே ஆகணும்ங்கற பதட்டம் தானா போயிடும், அவ்ளோதான்.

சிகாகோ கப்ஸையே எடுத்துக்கோங்க. 1981ல ட்ரிப்யூன் கம்பெனி ரிக்லி குடும்பத்துக்கிட்டேர்ந்து டீம வாங்குச்சு. ஊர்ல பெரிய பேப்பர் அவங்களோடது, மேட்ச் காட்டுற டபிள்யூஜிஎன் டிவியும் அவங்களோடது, இப்ப டீமும் கைல. 1908க்கு அப்புறம் அதுவரைக்கும் கப்பே ஜெயிக்காத டீமுங்க அது, ஆனா ரிக்லி ஃபீல்டு 1914ல கட்டுன கிரவுண்டு, செவுரு பூரா ஐவி கொடி, பாக்கவே அவ்ளோ அழகு, அதுக்காகவே ஜனம் வரும். நான் சிகாகோல இருந்தப்போ ஆபீஸ் பசங்களோட போயிருக்கேன், பக்கத்து சீட்டு கும்பல் காலி பீர் கப்ப ஒண்ணுமேல ஒண்ணா அடுக்கிக்கிட்டு வெயில் காயுறாங்க, ஸ்கோர் என்ன ப்ரோன்னா போர்டை திரும்பிப் பாத்துட்டுதான் சொல்றான்.

2006 கணக்கப் பாருங்க. அதே ஊரோட இன்னொரு டீம் வைட் சாக்ஸ் முந்தின வருஷ சாம்பியன், அந்த வருஷமும் 90 மேட்ச் ஜெயிச்சாங்க, கூட்டம் 30 லட்சத்த தொடல. கப்ஸ் 96 மேட்ச் தோத்து டிவிஷன்ல கடைசி, கூட்டம் 31 லட்சத்துக்கு மேல! எவன் மெனக்கெடுவான் சொல்லுங்க?

காசு விஷயத்துல மட்டும் செம உஷார். கிரவுண்டுக்கு எதிர் வீட்டுக்காரங்க மொட்டை மாடில சீட்டு போட்டு மேட்ச் காட்டி காசு பாத்தாங்கல்ல, 2002ல அத மறைக்க கப்ஸ் தடுப்பு துணி கட்டுனாங்க, அப்புறம் கேஸ் போட்டு 2004ல வருமானத்துல 17% பங்கு வாங்கிட்டாங்க. பக்கத்து மாடி வரைக்கும் போய் வசூல் பண்ண இந்த வேகத்துல பாதியாவது பந்து வீச நல்ல பிட்சர் தேடுறதுல காட்டிருக்கலாம்.

2006 கடைசில திடீர்னு ஸ்டார் பேட்டர் அல்ஃபோன்சோ சொரியானோவுக்கு 8 வருஷத்துக்கு 13.6 கோடி டாலர் கொடுத்தாங்களேன்னு சிலர் கேப்பீங்க. சரிதான், அடுத்த ஏப்ரல்லயே டீம விக்கப் போறோம்னு அறிவிப்பு வந்துச்சு. விக்கிற வீட்டுக்கு வெள்ளையடிச்ச கதைன்னுதான் எனக்குப் படுது. 2007லயும் 2008லயும் ப்ளேஆஃப் வரைக்கும் போய் ஒரு மேட்ச் கூட ஜெயிக்காம திரும்பினாங்க. கப்பு வந்தது 2016ல, அப்போ ஓனரே வேற.